முதல் வாயா, கடைசி வாயா?

மத்தியானச் சாப்பாடு. கோப்பையில் சோறு, பருப்பு, ஒரு கீரைக்கறி, ஒரு கத்தரிக்காய்க் கறி. ஓரத்தில் ஒரேயொரு பொரித்த மீன் துண்டு. அந்தத் துண்டை நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்? முதல் வாயிலேயே கடித்துவிடுவீர்களா? அல்லது சோறும் கறியும் முடியும்வரை ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசியில் ஆறுதலாகச் சுவைப்பீர்களா?

சிறுபிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்வி இது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் இதை ஒரு விளையாட்டாகத்தான் எங்கள் பெண்கள் குழுக்களில் கேட்டேன். சீட்டுக்காசு எண்ணி முடிந்து, தேத்தண்ணி வரும்வரை உள்ள நேரத்தில் எல்லோரும் சிரித்துப் பேசட்டும் என்பதே என் எண்ணம். சிரிப்பில் தொடங்கிய பேச்சு கொஞ்ச நேரத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஒரு மீன் துண்டைப் பற்றிப் பேசத் தொடங்கிய பெண்கள் இடப்பெயர்வைப் பற்றிப் பேசினார்கள். பசியைப் பற்றிப் பேசினார்கள். தாயைப் பற்றிப் பேசினார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் சொன்னவற்றையும் அதையொட்டி நான் வாசித்து அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சொன்னவர்களின் பெயர்களை இங்கே தரவில்லை.

இரண்டு கட்சிகள்

எந்த வீட்டிலும் இந்த இரண்டு கட்சியும் இருக்கும். அவித்த முட்டையைக் கொடுத்தால் ஒரு பிள்ளை மஞ்சள் கருவை முதலிலேயே தோண்டி எடுத்துச் சாப்பிட்டுவிடும். மற்றப் பிள்ளை வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கடித்து, மஞ்சள் உருண்டையைக் கடைசிவரை காப்பாற்றி வைத்திருக்கும். முதலில் சாப்பிட்டு முடித்த பிள்ளையின் கண் அடுத்த பிள்ளையின் கோப்பைக்குப் போகும். பிறகு சண்டைதான்.

நான் கடைசிக் கட்சி. எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சும் நாளில் எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து, பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடிப்போம். நண்டுத் துண்டும் இறாலும் பலாக்கொட்டையும் அடியில் போய் இருக்கும். மேலே உள்ள கூழைக் குடித்துக்கொண்டே போனால் அவை தானாக வெளியே வரும் என்று நான் காத்திருப்பேன். என் தம்பி அதற்கெல்லாம் பொறுக்கமாட்டான். முதலிலேயே கையை விட்டு நண்டுக்காலை எடுத்துவிடுவான். "அவன் கெட்டிக்காரன், நீ பொறுமைசாலி" என்று அம்மம்மா இருவரையும் சமாதானப்படுத்துவா.

இரண்டு கட்சியினருக்கும் நியாயம் இருக்கிறது. பசியோடு இருக்கும்போது முதல் வாய்தான் மிகவும் ருசி. ஓர் உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மேல் உள்ள விருப்பம் குறைந்துகொண்டு போகிறது. இன்னும் சாப்பிடாத உணவின் மேல் உள்ள விருப்பம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பாபரா ரோல்ஸ் என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1981இல் இதை ஆய்வு செய்து எழுதினார்கள். கலியாண வீட்டில் வயிறு நிறைந்த பிறகும் பாயாசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான்.

கடைசியில் சாப்பிடுபவர்களின் நியாயம் வேறு. ஓர் அனுபவத்தில் அதன் முடிவுதான் எங்கள் மனதில் அதிகம் தங்குகிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரின் கையை மிகவும் குளிர்ந்த நீரில் 60 வினாடிகள் வைத்திருக்கச் செய்தார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடிகளும், அதற்கு மேல் இன்னும் 30 வினாடிகளும் வைத்திருக்கச் செய்தார்கள். அந்தக் கடைசி 30 வினாடிகளில் மட்டும் நீரின் குளிர் சிறிது தணிக்கப்பட்டது. எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, கூடுதல் நேரம் கை விறைத்த அந்த இரண்டாவது முறையையே பெரும்பாலானோர் தெரிவு செய்தார்கள். முடிவு சற்று நன்றாக இருந்ததே காரணம். மீன் துண்டைக் கடைசிக்கு வைப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நல்ல ருசியோடு கை கழுவ விரும்புகிறார்கள்.

சரி, இதெல்லாம் சோறும் கறியும் நாளைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வாழ்பவர்களின் கணக்கு. எங்கள் பெண்கள் சொன்ன கணக்கு வேறாக இருந்தது.

எடுத்து வைத்தது எங்கே போனது?

1990களில் வடக்குக்குப் பொருட்கள் வருவதற்குத் தடை இருந்த காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். சீனி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. வெறுந்தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். ஒரு குட்டான் பனங்கட்டி எத்தனை நாளுக்கு, எத்தனை பேருக்கு என்பது தாய்மாரின் கணக்கு. "முதல் மிடறோடயே பனங்கட்டியை முடிச்சால் மிச்சத் தேத்தண்ணி கசக்கும். கடைசிக்கு வைச்சால் முழுத் தேத்தண்ணியும் கசக்கும்" என்று ஓர் அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவ சிறு துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு, கரையவிடாமல் குடித்து முடிக்கப் பழகியவவாம்.

அதே பெண் சற்று நேரத்தில் 1995ஆம் ஆண்டுக்குப் போனா. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அவவுடைய தாயார் தைப்பொங்கலுக்கென்று பயறும் கஜுவும் நல்லெண்ணெய்ப் போத்தலும் எடுத்து வைத்திருந்தாவாம். பிள்ளைகள் எத்தனை தரம் கேட்டும் அந்தப் போத்தலைத் திறக்கவில்லை. அன்றிரவு கையில் பிள்ளையும் தலையில் ஒரு பொதியுமாக வெளிக்கிட்டபோது, போத்தல் குசினி மாடத்திலேயே இருந்துவிட்டது. "அதுக்குப் பிறகு அம்மா மாறிப்போனா. எது வந்தாலும் அண்டைக்கே சமைச்சிடுவா. 'இருக்கேக்க சாப்பிடுங்கோ, நாளைக்கு ஆர் கண்டது' எண்டுதான் சொல்லுவா" என்றா அந்த அக்கா.

இப்படி ஒரே நாளில் கடைசிக் கட்சியிலிருந்து முதல் கட்சிக்கு மாறிய தாய்மார் எங்களில் எத்தனை பேர்! 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போன முஸ்லிம் சகோதரிகளிடம் கேட்டாலும், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன கிழக்குக் கரையோர வீடுகளில் கேட்டாலும், எடுத்து வைத்த ஏதோ ஒன்றின் கதை வரும். மகளின் சாமத்தியச் சடங்குக்கென்று வைத்த சேலை, விருந்தாளி வந்தால் எடுப்பதற்கென்று வைத்த கோப்பைகள், பெருநாளுக்கென்று வைத்த நெய். பாவிக்காமலே போனவை அவை.

வேறு விதமாக மாறியவர்களும் இருக்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சியில் உயிர் பிழைத்துவந்த ஒரு தங்கச்சி, இப்போதும் எதையும் முடிக்கமாட்டாளாம். பிஸ்கட் பைக்கற் வாங்கினால் இரண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றி எங்காவது வைத்துவிடுவாள். "வைச்ச இடம் எனக்கே மறந்துபோகும். எறும்பு வந்தாப் பிறகுதான் தெரியும். ஆனால் வைக்காமல் விட்டால் நித்திரை வராது" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பசி கற்பித்த பழக்கம்

அந்தத் தங்கச்சி தனக்கு ஏதோ வருத்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகவே அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு செய்தியைத் தேடிக்கொண்டு போனேன்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், பட்டினி கிடந்த மக்களை எப்படித் திரும்ப உணவூட்டித் தேற்றுவது என்பதை அறிய அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவரின் தலைமையில் 1944 நவம்பரில் அது தொடங்கியது. ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 கிழமைகள் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான். உருளைக்கிழங்கு, பாண், மக்கரோனி போன்ற போர்க்கால உணவுகளையே கொடுத்தார்கள். உடல் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தார்கள்.

அவர்கள் சாப்பிட்ட விதத்தைக் கேளுங்கள். நல்ல சுகதேகிகளாக, நன்றாகப் படித்தவர்களாக வந்த அந்த இளைஞர்கள், ஒரு கோப்பைச் சாப்பாட்டை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். தண்ணீர் விட்டுப் பெருக்கினார்கள். கோப்பையை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து, கதைப் புத்தகம் போல வாசித்தார்கள். வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கத் தொடங்கிய பிறகும் பல மாதங்களுக்கு அவர்களின் பசி அடங்கவில்லை. அவர்கள் எவருக்கும் அதற்கு முன் மனநோய் இருக்கவில்லை. பட்டினி எவரையும் இப்படித்தான் ஆக்கும்.

இதைச் சொன்னபோது அந்தத் தங்கச்சி, "அப்ப எனக்கு விசர் இல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பிள்ளை ஒன்று தலையணைக்குக் கீழே பாண் துண்டை ஒளித்து வைத்தால், வயதான மாமி ஒருவர் சீனிப் போத்தலைச் சேலைக்குள் சுற்றி வைத்தால், தயவுசெய்து ஏசாதீர்கள், மற்றவர்கள் முன் சிரிக்காதீர்கள். "இது உங்களுடையது, இங்கேயே இருக்கும், ஒருவரும் எடுக்கமாட்டோம்" என்று சொல்லி, மூடியுள்ள ஒரு டப்பாவைக் கொடுங்கள். அது நாளைக்கும் அங்கே இருக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். பழக்கம் நித்திரையைக் கெடுக்கும் அளவுக்குப் போனால், உங்கள் பிரதேச ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவில் கதைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காத்திருக்காத பிள்ளை கெட்ட பிள்ளையா?

பொறுமையாகக் காத்திருந்து சாப்பிடும் பிள்ளைதான் பிற்காலத்தில் முன்னுக்கு வரும் என்று எங்கள் பாடசாலைக் கூட்டங்களிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதைக்கு மூலம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களின் கடைசியில் வோல்டர் மிஷெல் என்பவர் தொடங்கிய சோதனைகள். பாலர் பாடசாலைப் பிள்ளையின் முன்னால் பஞ்சு போன்ற மெதுவான ஓர் இனிப்பை வைப்பார்கள். "இப்போதே சாப்பிடலாம். நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் படிப்பில் கூடுதலாகப் பிரகாசித்தார்கள் என்று பிறகு எழுதப்பட்டது. உலகம் முழுவதும் இது பரவியது.

ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற பெண் ஆய்வாளர் இதை வேறு விதமாக யோசித்தார். அவர் இளவயதில் வீடற்ற குடும்பங்கள் தங்கும் விடுதியில் தொண்டு செய்தவர். எந்தப் பொருளும் எந்த நேரமும் பறிபோகும் இடத்தில் வளரும் பிள்ளை இந்தச் சோதனையில் என்ன செய்யும் என்று அவர் யோசித்தார். 28 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார். இரண்டு பிரிவுக்கும் முதலில் பழைய வர்ணக் கட்டிகளைக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்லது தருவேன்" என்று சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னபடியே நல்லதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லை" என்றார்கள். அதற்குப் பிறகுதான் இனிப்பை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பிள்ளைகளில் 9 பேர் முழுதாக 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒரு பிள்ளைதான் காத்திருந்தது. இந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது.

2018இல் டைலர் வொட்ஸ் என்பவரும் இன்னும் இருவரும் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை வைத்துப் பழைய முடிவைத் திரும்பவும் பார்த்தார்கள். காத்திருப்பதற்கும் பிற்காலப் படிப்புக்கும் இடையில் முன்பு சொன்ன தொடர்பு பாதியளவுதான் தெரிந்தது. குடும்பத்தின் பின்னணியையும் பிள்ளையின் ஆரம்பத் திறனையும் கணக்கில் எடுத்தபோது, அதிலும் பெரும்பகுதி இல்லாமல் போனது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, முகாமில் வளர்ந்து இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கும் ஒருத்தி இடைமறித்தாள். "இதுக்கு ஏன் அக்கா இவ்வளவு படிப்பு? ஒருக்கா ஏமாந்தவன் இரண்டாந்தரம் காத்திருப்பானே?" என்றாள். எங்கள் சீட்டும் அப்படித்தானே! கடைசிச் சீட்டை எடுக்கச் சம்மதிப்பவள், மற்ற எல்லோரும் கடைசி மாதம்வரை காசு கட்டுவார்கள் என்று நம்புகிறாள். நம்பிக்கை இல்லாத இடத்தில் எல்லோரும் முதல் சீட்டுக்குத்தான் கேட்பார்கள்.

ஆகவே உங்கள் பிள்ளை கிடைத்ததை உடனே விழுங்கினால், "பொறுமை இல்லாத பிள்ளை" என்று முத்திரை குத்த வேண்டாம். சின்ன வாக்குகளைக் கொடுத்துக் காப்பாற்றுங்கள். "சனிக்கிழமை முட்டை பொரித்துத் தருவேன்" என்றால் சனிக்கிழமை அது கோப்பையில் இருக்க வேண்டும். முடியாது என்றால் முதலே சொல்லிவிடுங்கள். பொறுமை அப்படித்தான் வளரும்.

மூன்றாவது கட்சி

இவ்வளவு நேரமும் முதலில் சாப்பிடுபவர்களையும் கடைசியில் சாப்பிடுபவர்களையும் பற்றிக் கதைத்தோம். ஆனால் என்னுடைய கேள்விக்கு அதிகமான பெண்கள் சொன்ன பதில் இந்த இரண்டும் அல்ல. "எனக்கெண்டு துண்டு மிஞ்சினால்தானே, எப்ப சாப்பிடுறது எண்டு யோசிக்க!" என்பதே அந்தப் பதில்.

மீன்கறிச் சட்டியில் கடைசியாகச் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவது எங்கள் தாய்மாரின் வழக்கம். சட்டியில் ஒட்டிய குழம்பில் குழைத்த அந்தச் சோற்றுக்கு ஈடான ருசி இல்லை. எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு அம்மா சட்டியோடு குந்தியிருப்பா. மணத்துக்குப் பிள்ளைகள் நாங்கள் திரும்பவும் வந்துவிடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு உருண்டை. கடைசியில் அம்மாவுக்கு மிஞ்சுவது சட்டியைக் கழுவும் வேலை. புத்தளத்திலிருந்து வந்திருந்த ஒரு சகோதரியும் இதையே சொன்னா. "நாங்க ஸஹன்ல சுத்தி இருந்து சாப்பிடுவோம். நடுவுல இருக்கிற இறைச்சிய உம்மா பிச்சுப் பிச்சு ஒவ்வொருத்தர் பக்கமும் தள்ளிவிடுவா. அவ பக்கம் வெறும் சோறுதான் இருக்கும்."

அன்பினால் கொடுப்பது நல்லதுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நேரமும் ஒரே ஆளுக்கு மிச்சம் மட்டும்தான் என்றால், அது பழக்கமாகிவிடுகிறது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது இதைப் பார்த்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்தன. எங்கள் குழுக்களில் பல பெண்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். வீட்டில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. "எனக்குப் பசிக்கேல்லை" என்று சொன்னால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

உடம்பு நம்பாது. இரத்தச் சோகை, தலைச்சுற்று, களைப்பு என்று அது கணக்குக் காட்டும். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் எங்களில் அதிகம். நாங்கள் விழுந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கறிச்சட்டியும் இல்லை, சோறும் இல்லை.

ஆகவே சாப்பாட்டைப் பங்கிடும்போதே உங்கள் கோப்பையையும் மற்றக் கோப்பைகளோடு வரிசையில் வையுங்கள். துண்டு ஆறு என்றால் ஆறாவது துண்டு உங்களுடையது. துண்டு நான்கு, ஆட்கள் ஐந்து என்றால், துண்டைப் பிய்த்துப் பங்கிடுங்கள். முருங்கையிலை, வல்லாரை போன்ற கீரையை வாரத்தில் சில நாளாவது நீங்களும் சாப்பிடுங்கள். அதில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் முதலா கடைசியா என்ற கேள்விக்கு மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது. நியூயோர்க்கில் 11 பேரைக் கொண்டு செய்து 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மரக்கறியையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பாணைப் பிறகு சாப்பிட்டபோது, இரத்தத்தில் சீனி ஏறுவது குறைவாக இருந்தது. மருந்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கீரையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவதால் செலவு ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி

கடைசியாக ஒன்று. ஒரு கூட்டத்தில் வயதில் மூத்த ஓர் அம்மா வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னது இது. அவவின் அயல் வீட்டில் ஒரு தாய் காலமானா. ஐந்து பிள்ளைகளைப் போருக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் வளர்த்து ஆளாக்கியவ. எங்கள் சைவ வீடுகளில் எட்டுச் செலவன்று இறந்தவருக்கு விருப்பமான சாப்பாடுகளைச் சமைத்துப் படைப்பது வழக்கம். சமைக்க வந்த பெண்கள் பிள்ளைகளிடம், "அம்மாவுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார்கள். மூத்த மகன் தங்கையைப் பார்த்தான். தங்கை அடுத்தவளைப் பார்த்தாள். ஐந்து பேருக்கும் தெரியவில்லை. தகப்பனுக்கு விருப்பமானது தெரியும். காணாமல் போன மாமாவுக்கு விருப்பமானதுகூடத் தெரியும். அந்தத் தாய் ஒவ்வொரு வருடமும் அவருடைய பிறந்தநாளுக்கு அதைச் சமைத்து வைத்தவ. "கடைசியா அயலுக்குள்ள இருந்த நான்தான் சொன்னன், அவவுக்குப் பாற்புட்டும் கதலி வாழைப்பழமும் விருப்பம் எண்டு. சின்ன வயசிலை நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் பள்ளிக்கூடம் போனாங்கள்" என்றா அந்த அம்மா.

எங்கள் கூட்டத்தில் அன்று ஒருவரும் உடனே தேத்தண்ணிக்கு எழும்பவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கேட்டுக் காத்திருந்தே இறந்துபோன தாய்மாரும் அவர்களில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேற்றுச் சமைத்தது போலச் சொல்வார்கள். அந்தத் தாய்க்கு என்ன விருப்பம் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

மீன் துண்டை முதலில் சாப்பிடுங்கள், அல்லது கடைசியில் சாப்பிடுங்கள். நாளையை நம்ப முடியாதவள் முதலில் சாப்பிடுவதில் பிழை இல்லை. நம்பத் தொடங்கியவள் கடைசிக்கு வைப்பதிலும் பிழை இல்லை. எனக்கு விருப்பமானது இது என்று வாய்விட்டுச் சொல்வதும், அதை உங்கள் கோப்பையில் நீங்களே போட்டுக்கொள்வதும்தான் முக்கியம். பிள்ளைகள் காணும்படி அதைச் சாப்பிடுங்கள். பெண்ணுக்கும் ஒரு விருப்பம் உண்டு, ஒரு பங்கு உண்டு என்பதை உங்கள் மகள் அப்படித்தான் அறிவாள். உங்கள் மகனும் அறிவான்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், வீட்டில் இருக்கும் அம்மாவிடமோ மாமியிடமோ அக்காவிடமோ, "உங்களுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேளுங்கள். "எனக்கு எல்லாம் ஒண்டுதான்" என்று முதலில் சொல்லுவா. விடாமல் இரண்டாந்தரமும் கேளுங்கள்.